ஆறு ஆன்டெனா, எட்டு அளவீடு, ஒரு கோணம்: மைமோ ரேடாரில் திசை கண்டறிதல்

4 பிப்ரவரி 2024, மாலை 6.20 (வாசகர் கேள்வி)

77 கிகாஹெர்ட்ஸ் ரேடார் பலகை ஒன்றை வைத்து அறைக்குள் இருப்பவர்களின் திசையைக் கண்டறிய முயல்கிறேன். இரண்டு அனுப்பி, நான்கு ஏற்பி. ஐந்து மீட்டர் தூரத்தில் இருவர் தோளோடு தோள் நின்றால் திரையில் ஒரே ஆள்தான் தெரிகிறார். கையேடு இதை எட்டு ஆன்டெனா என்கிறது. எண்ணிப் பார்த்தால் ஆறுதான் இருக்கின்றன. மைமோ (பல அனுப்பிகளையும் பல ஏற்பிகளையும் சேர்த்துப் பயன்படுத்துவது) என்பது வெறும் கணக்கு விளையாட்டு என்பதும், வழக்கமான திசைக் கணக்கான எஃப்எஃப்டியை எடுத்துவிட்டு மியூசிக் என்ற அல்காரிதத்தைப் போட்டால் இருக்கிற ஆன்டெனாவை வைத்தே எவ்வளவு நெருக்கமான இருவரையும் பிரித்துவிடலாம் என்பதும் என் வாதம். மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

4 பிப்ரவரி, இரவு 9.50 (பதில்)

இரண்டையும் மறுக்கிறேன். ஆனால் இரண்டுக்கும் காரணம் வேறு.

முதலில் அந்த எட்டு. ஒரு பொருளில் பட்டுத் திரும்பும் அலை, அருகருகே உள்ள இரண்டு ஏற்பிகளில் ஒன்றைச் சற்று முன்னதாகவும் மற்றதைச் சற்றுப் பின்னதாகவும் அடைகிறது. அந்தப் பாதை வேறுபாடு, ஏற்பிகளின் இடைவெளியைக் கோணத்தின் சைனால் பெருக்கிய அளவு. 77 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் ஏறத்தாழ 3.9 மில்லிமீட்டர், ஏற்பிகளின் இடைவெளி அதில் பாதி. இவ்வளவு சிறிய வேறுபாட்டை நேரமாக அளக்க முடியாது, கட்டமாகத்தான் (அலை தன் 360 டிகிரிச் சுழற்சியில் எந்த நிலையில் இருக்கிறது என்பதாக) அளக்க முடியும். நேர் எதிரில் நிற்கும் பொருள் எல்லா ஏற்பிகளிலும் ஒரே கட்டத்தைத் தரும். 30 டிகிரி தள்ளி நிற்கும் பொருள் அடுத்தடுத்த ஏற்பிகளுக்கிடையே 90 டிகிரி கட்ட வேறுபாட்டைத் தரும். திசை கண்டறிதல் என்ற பெயரில் நாம் செய்வதெல்லாம் இந்தக் கட்டம் எவ்வளவு சீராக ஏறுகிறது என்று பார்ப்பதுதான்.

அனுப்பும் பக்கத்திலும் இதே வடிவியல்தான். இரண்டாவது அனுப்பியை முதல் அனுப்பியிலிருந்து நான்கு ஏற்பி இடைவெளி தள்ளி வைத்தால், அதிலிருந்து கிளம்பும் அலை பொருளை அடைவதற்குள்ளாகவே நான்கு இடைவெளிக்குரிய கட்டத்தைக் கூட்டிக்கொண்டுவிடுகிறது. முதல் அனுப்பி பேசும்போது 0, 1, 2, 3 என்ற இடங்களிலும், இரண்டாவது பேசும்போது 4, 5, 6, 7 என்ற இடங்களிலும் ஏற்பிகள் இருப்பது போன்ற அளவுகள் கிடைக்கின்றன. எட்டும் உண்மையாக அளந்த எட்டுப் பாதைகள். ஆன்டெனாவின் எண்ணிக்கை கூட்டலில் வளர, பாதைகளின் எண்ணிக்கை பெருக்கலில் வளர்கிறது. இதில் ஏமாற்று எதுவும் இல்லை. இதற்கான விலையை வேறொரு கணக்கில் செலுத்துகிறோம். அது நேரம். அதற்குத் தனிக் குறிப்பு வேண்டும்.

5 பிப்ரவரி, காலை 7.15

மியூசிக்கைப் பற்றி எழுதுமுன் பிரிதிறனையும் (நெருங்கிய இருவரை இருவராகக் காட்டுவது) துல்லியத்தையும் (ஒருவரின் திசையைச் சரியாகச் சொல்வது) தனித்தனியாக வைத்துவிட வேண்டும். கேள்வியில் இரண்டும் கலந்திருக்கின்றன.

அரை அலைநீள இடைவெளியில் எட்டு இடங்கள் இருந்தால், நேர் எதிரில் கோணப் பிரிதிறன் 2/8 ரேடியன், அதாவது 14.3 டிகிரி. ஐந்து மீட்டரில் இது 1.25 மீட்டர். தோளோடு தோள் நிற்பவர்கள் ஒருவராகத் தெரிவது பலகையின் குறையன்று. அந்த நீளமுள்ள ஆன்டெனா வரிசை அப்படித்தான் நடந்துகொள்ளும். நான்கு ஏற்பியை மட்டும் பயன்படுத்தியிருந்தால் 28.6 டிகிரி, ஐந்து மீட்டரில் இரண்டரை மீட்டர். நீங்கள் விளையாட்டு என்று சொல்லும் மைமோதான் அதைப் பாதியாக்கித் தந்திருக்கிறது.

துல்லியம் வேறு கணக்கு. ஒரே ஓர் ஆள் நின்று, ஒவ்வொரு அளவீட்டிலும் சைகை (ஏற்பிக்குத் திரும்பி வரும் அலை) இரைச்சலைவிட 20 டெசிபெல் மேலே இருந்தால், இதே எட்டு இடங்களைக் கொண்டு அவருடைய திசையை ஏறத்தாழ 0.2 டிகிரி வரை சொல்லிவிடலாம் என்று கிராமர்–ராவ் எல்லை (பிழையை இதற்குக் கீழே குறைக்க முடியாது என்ற கணக்கு) கூறுகிறது. பிரிதிறன் 14, துல்லியம் 0.2. இரண்டுக்கும் இடையே எழுபது மடங்கு. விற்பனைத் தாளில் துல்லியத்தை மட்டும் பெரிய எழுத்தில் போடுவதற்கும் காரணம் இதுதான்.

இந்த எல்லையில் பெயர் சேர்ந்துள்ள சி. ஆர். ராவ் இதை வெளியிட்டது 1945-இல், கல்கத்தா கணிதக் கழகத்தின் இதழில். அப்போது அவருக்கு இருபத்தைந்து வயதுகூட நிறைந்திருக்குமா என்பது மாதக் கணக்கு. ரேடாரை மனத்தில் வைத்து அவர் எழுதவில்லை. ஆனாலும் இன்று ஓர் ஆன்டெனா வரிசையை வடிவமைப்பவர் முதலில் போட்டுப் பார்க்கும் கணக்கு இதுவே. இடங்களின் எண்ணிக்கையை இரட்டித்தால் கோணப் பிழையின் பரவற்படி (சிதறலின் வர்க்க அளவு) எட்டில் ஒன்றாகக் குறைகிறது என்ற விதி, வேறெந்த அல்காரிதமும் தர முடியாத ஆதாயத்தைச் சொல்கிறது.

5 பிப்ரவரி, மதியம் 1.05

இன்னொருவர் கேட்டதற்கு: இல்லை, 14.3 என்பது எல்லாத் திசைக்கும் பொருந்தாது. கட்டம் சைனோடு ஓடுவதால், ஓரத்துக்குப் போகப் போகப் பிரிதிறன் மங்குகிறது. 60 டிகிரியில் அது இரு மடங்கு மோசம். பலகையில் அச்சிட்ட ஆன்டெனாவின் திறனும் அங்கே குறைந்துவிடும் என்பதால் ஓரத்தில் வரும் கோணங்களை நான் பொதுவாகப் பாதி நம்பிக்கையோடுதான் எடுத்துக்கொள்வேன்.

6 பிப்ரவரி, இரவு 10.30

விலையைப் பற்றி.

இரண்டு அனுப்பிகளும் ஒரே நேரத்தில் ஒரே அலையை அனுப்பினால், வந்த எதிரொலி யாருடையது என்று ஏற்பிக்குத் தெரியாது. எளிய வழி, மாறி மாறி அனுப்புவது. முதல் சிர்ப் (அதிர்வெண் சீராக ஏறும் ஒரு குறுந்துடிப்பு) ஒன்றிடமிருந்து, அடுத்த சிர்ப் மற்றதிடமிருந்து. மலிவான பலகைகளில் பெரும்பாலும் இந்த முறைதான். நிற்கும் பொருளுக்கு இது பழுதில்லாமல் வேலை செய்கிறது. நகரும் பொருளுக்கு, ஓடும் பேருந்தை இரண்டு படங்களாக எடுத்து ஒட்டியதைப் போல, ஒட்டுகிற இடத்தில் ஒரு விரிசல் விழுகிறது.

அந்த விரிசலை எண்ணால் பார்க்கலாம். இரண்டு சிர்ப்புகளுக்கிடையே 30 மைக்ரோவினாடி என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 10 மீட்டர், அதாவது மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் நெருங்கும் வண்டி அந்த இடைவெளியில் 0.3 மில்லிமீட்டர் நகர்கிறது. போக வர இரட்டித்தால் 0.6 மில்லிமீட்டர். 3.9 மில்லிமீட்டர் அலைநீளத்தில் இது 55 டிகிரி கட்டம். எட்டு கட்டங்களையும் வரைபடத்தில் புள்ளிகளாகக் குறித்தால் முதல் நான்கு ஒரு கோட்டிலும், பின் நான்கு அதற்கு இணையான, ஆனால் 55 டிகிரி தள்ளிய வேறொரு கோட்டிலும் அமர்ந்திருக்கும். நான்காவதற்கும் ஐந்தாவதற்கும் இடையே ஒரு படி. எஃப்எஃப்டிக்குப் படி தெரியாது. எட்டையும் சேர்த்து ஒரே சாய்வாகப் படித்துவிடும். அப்படிப் படிக்கும்போது ஒவ்வோர் இடத்துக்கும் படியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, அதாவது பத்து டிகிரிக்குச் சற்று மேல் பொய்க் கட்டம் சேர்கிறது. கோணத்தில் அது 3.4 டிகிரி. 50 மீட்டரில் கிட்டத்தட்ட 3 மீட்டர். எதிரே வருகிற வண்டி பக்கத்துத் தடத்தில் இருப்பதாக ரேடார் அறிவிக்கும், அதுவும் துளிச் சந்தேகமின்றி, கூர்மையான ஓர் உச்சத்தோடு.

அறைக்குள் நடப்பவருக்கு இதே பிழை அரை டிகிரி அளவில்தான். ஆகவே கேள்வி கேட்டவர் இதை உடனே உணர்ந்திருக்க மாட்டார்.

7 பிப்ரவரி, காலை 6.40

நேற்றைய குறிப்புக்குத் தொடர்ச்சி. டாப்ளர் (நகர்வால் எதிரொலியில் நேரும் மாற்றம்) கொண்டு வேகத்தை அளந்து அந்தக் கட்டத்தைக் கழித்துவிடலாமே என்று மூவர் எழுதியிருக்கிறார்கள். கழிக்கலாம், எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் எந்த வேகத்தைக் கழிப்பது?

30 மைக்ரோவினாடி இடைவெளியில் ஒரே அனுப்பி இருந்தால் நொடிக்கு 32 மீட்டர் வரை வேகத்தை ஐயமின்றி அளக்கலாம். இரண்டு அனுப்பிகள் மாறி மாறிப் பேசினால் ஒவ்வொன்றின் முறையும் 60 மைக்ரோவினாடிக்கு ஒருமுறைதான் வருகிறது. எல்லை 16 மீட்டராக, மணிக்கு 58 கிலோமீட்டராக, இறங்குகிறது. மூன்று அனுப்பிகளானால் மணிக்கு 39. நெடுஞ்சாலையில் எதிரெதிரே வரும் வண்டிகளின் ஒப்பு வேகம் இதைச் சாதாரணமாகத் தாண்டும். தாண்டும்போது வேகம் மடிந்து வேறொரு எண்ணாகத் தெரிகிறது. மணிக்கு 100 கிலோமீட்டரில் நெருங்கும் வண்டி மணிக்கு 17 கிலோமீட்டரில் விலகிப் போவதாகக் கணக்கு வரும்.

மடிந்த வேகத்தை வைத்துக் கட்டத்தைத் திருத்தினால், இரண்டு அனுப்பி உள்ள பலகையில் எஞ்சும் படி சரியாக 180 டிகிரி. இதன் விளைவை ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார். சோதனை ஓட்டம் ஒன்றில் பதிவான தரவைப் பிரித்துக்கொண்டிருந்தபோது நேர் எதிரே வந்த ஒரே லாரி இரண்டு லாரிகளாக, நடுவில் ஒரு வெற்றிடத்தோடு, இடமும் வலமும் ஏறத்தாழ 11 டிகிரியில் வந்துகொண்டிருந்தது. உண்மையான லாரி இருந்த இடத்தில் மட்டும் எதுவும் இல்லை. வண்டியைத் தானாக ஓட்டும் மென்பொருளிடம் இந்தத் தரவைக் கொடுத்தால், இரண்டு லாரிக்கும் நடுவே வசதியாகப் போகலாம் என்று அது முடிவெடுத்திருக்கும்.

இதற்கு வழிகள் உண்டு. எனக்குப் பிடித்தது, மெய்நிகர் இடங்களில் (அனுப்பியும் ஏற்பியும் சேர்ந்து உருவாக்கும் அந்த எட்டில்) ஒன்றை வேண்டுமென்றே இரண்டு முறை அளப்பது. முதல் அனுப்பியும் நான்காவது ஏற்பியும் சேர்ந்து தரும் இடமும், இரண்டாவது அனுப்பியும் முதல் ஏற்பியும் சேர்ந்து தரும் இடமும் ஒன்றாக இருக்கும்படி அனுப்பியை ஓர் இடைவெளி உள்ளே தள்ளி வைத்தால், அந்த இரண்டு அளவுகளுக்கிடையே கோணத்தால் வரும் வேறுபாடு சுழி. எஞ்சுவது நகர்வு மட்டுமே. எட்டு இடம் ஏழாகிறது என்பதுதான் செலவு. அனுப்பிகளை ஒரே நேரத்தில் பேசவிட்டு, ஒவ்வொன்றின் கட்டத்தையும் சிர்ப்புக்குச் சிர்ப்பு வெவ்வேறு வேகத்தில் சுழற்றி டாப்ளர் அச்சில் பிரிக்கும் முறையும் இப்போது பரவலாகியிருக்கிறது. அதில் ஒட்டும் விரிசல் இல்லை. ஆனால் டாப்ளர் அச்சை அனுப்பிகள் பங்கிட்டுக்கொள்வதால் நெருக்கடி வேறு பக்கம் வருகிறது.

8 பிப்ரவரி, இரவு 11.20

இனி மியூசிக்.

எஃப்எஃப்டியைவிடக் கூர்மையாகப் பிரிக்க முயலும் குடும்பத்தின் மூத்த முறைகளில் ஒன்றான கேப்பனின் முறை 1969-இல் வந்தது. அமெரிக்காவின் மான்டானாவில் பரப்பி வைத்திருந்த நில அதிர்வுக் கருவிகளின் தரவுக்காக ஜாக் கேப்பன் அதைச் செய்தார். மியூசிக்கை ரால்ஃப் ஷ்மிட் 1979-இல் ஒரு பயிலரங்கில் முன்வைத்தார். பரவலாக எல்லோரும் மேற்கோள் காட்டுவது 1986-இல் வெளிவந்த கட்டுரையை. ராய், தாமஸ் கைலாத் இருவரின் எஸ்பிரிட் 1989. இவை அனைத்தும் அழகானவை, இவற்றைக் குறைசொல்ல நான் வரவில்லை.

ஆனால் மியூசிக் என்ன கேட்கிறது என்று பாருங்கள். ஏற்பிகளில் வந்த சைகைகளின் கோவேரியன்ஸ் அணியை (எந்த இரு ஏற்பிகளின் சைகைகள் எவ்வளவு ஒத்து மாறுகின்றன என்ற அட்டவணையை) எடுத்து, அதை உடைத்தால் கிடைக்கும் கூறுகளான ஐகன் வெக்டர்களைச் சைகைக்குரியவை, இரைச்சலுக்குரியவை என்று இரண்டாகப் பிரித்து, இரைச்சல் பகுதிக்குச் செங்குத்தாக நிற்கும் திசைகளைத் தேடுகிறது. அணியை மதிப்பிடப் பல அளவீட்டுத் தொகுதிகள் வேண்டும். இலக்குகள் எத்தனை என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும், அல்லது அதற்கென்று வேறொரு மதிப்பீடு வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த இலக்குகளின் சைகைகள் ஒன்றோடொன்று கட்டுண்டிருக்கக் கூடாது.

ரேடாரில் மூன்றாவது நிபந்தனைதான் உடைகிறது. வானொலி நிலையங்கள் இரண்டு தனித்தனியாகப் பேசும்போது அவற்றின் சைகைகளுக்குள் உறவு இல்லை. ரேடாரில் பேசுவது நாம் ஒருவரே. இரு பொருள்களிலிருந்தும் வருவது நம்முடைய அலையின் இரண்டு நகல்கள். அவை நகராமல் நின்றால் அவற்றின் கட்ட உறவு மாறாது. எத்தனை சிர்ப்பு எடுத்தாலும் அணியில் ஒரே ஒரு பெரிய ஐகன் மதிப்புதான் எழும். இரு பொருளும் சேர்ந்து ஒரே பொருளாக, எங்கும் இல்லாத ஒரு திசையில், மியூசிக்கின் கண்ணுக்குத் தெரியும்.

ஷான், வாக்ஸ், கைலாத் மூவரும் 1985-இல் பரவலாக்கிய இட மென்மையாக்கம் இதற்கான மருந்து. எட்டு இடங்களை ஐந்து ஐந்தாக, ஒவ்வோர் இடம் நகர்த்தி, நான்கு துணை வரிசைகளாக வெட்டிச் சராசரி எடுத்தால் கட்டு அவிழும். ஆனால் இப்போது உங்கள் வரிசையின் நீளம் எட்டன்று, ஐந்து. மியூசிக்கின் கூர்மையை வாங்குவதற்காக ஆன்டெனாவை விற்கிறோம். நான் ஒப்பிட்ட பதிவுகளில், எட்டு இடத்து எஃப்எஃப்டி கைவிட்ட இடத்தில் ஐந்து இடத்து மியூசிக் சிலமுறை காப்பாற்றியது, சிலமுறை இல்லாத ஆளை உருவாக்கியது. சைகை பலமாக இருந்தபோது காப்பாற்றியது; பலவீனமாக இருந்தபோது கற்பனை செய்தது.

9 பிப்ரவரி, காலை 8.00

மியூசிக் வரைபடத்தில் உச்சம் ஊசிபோல் நிற்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அதன் உயரம் சைகையின் பலமும் அன்று, அதன் மெலிவு பிரிதிறனும் அன்று. ஒரு பின்னத்தின் அடியில் சுழிக்கு அருகில் ஒரு எண் வந்தால் எதுவும் ஊசியாகும்.

9 பிப்ரவரி, இரவு 9.15

8-ஆம் தேதி எழுதியதை மறுபடி படித்தேன். காரில் பொருத்திய ரேடாருக்கு அது சரி. கேள்வி கேட்டவரின் அறைக்கு அதைச் சற்றுத் தளர்த்த வேண்டும்.

மனிதர்கள் கம்பங்களைப் போல நிற்பதில்லை, மூச்சு விடுகிறார்கள். மார்பு ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலே, போக வர இரண்டு மில்லிமீட்டர், 77 கிகாஹெர்ட்ஸில் 185 டிகிரி கட்டம் சுழன்றுவிடுகிறது. இருவரின் மூச்சும் ஒத்த தாளத்தில் இருப்பதில்லை என்பதால், பத்து நொடி அளவுக்குத் தரவைச் சேர்த்து அணியை மதிப்பிட்டால் இருவரின் சைகைகளும் தாமாகவே கட்டவிழ்ந்து நிற்கும். ஒரு மில்லிவினாடித் தரவில் ஏமாற்றும் மியூசிக், பத்து நொடித் தரவில் தன் முழு நீளத்தோடும் வேலை செய்ய வாய்ப்பிருக்கிறது. அறைக்குள் ஆள் எண்ணும் வேலைக்குப் பத்து நொடி காத்திருக்கலாம். பிரேக் போட வேண்டிய வண்டி காத்திருக்க முடியாது. ஆகவே கேட்டவரின் இரண்டாவது வாதத்தை அவருடைய அறைக்குள் மட்டும் கால்வாசி ஒத்துக்கொள்கிறேன்.

அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கோணத்தில் பிரிக்கப் போராடுவதற்கு முன் தூரத்தில் பிரித்துப் பாருங்கள். 77 முதல் 81 வரை 4 கிகாஹெர்ட்ஸ் அகலத்தையும் பயன்படுத்தினால் தூரப் பிரிதிறன் 3.75 சென்டிமீட்டர். இருவர் தோளோடு தோள் நின்றாலும் ரேடாரிலிருந்து இருவரின் மார்பும் ஒரே தூரத்தில், நான்கு சென்டிமீட்டருக்குள், இருப்பது அபூர்வம். பலகையோடு வரும் மாதிரி அமைப்புகள் அலைவரிசை அகலத்தைக் குறைத்து வைத்திருப்பதும் உண்டு. அந்த எண்ணை முதலில் பாருங்கள்.

11 பிப்ரவரி, மாலை 5.30

இதுவரை எழுதியதெல்லாம் எட்டு ஏற்பு வழிகளும் ஒரே மாதிரி இருக்கின்றன என்ற நம்பிக்கையில். அவை அப்படி இருப்பதில்லை. காற்றில் பத்தில் ஒரு மில்லிமீட்டர் நீள வேறுபாடு 9 டிகிரி கட்டம். பலகையின் செப்புத் தடத்தில் அலைநீளம் இன்னும் சுருங்குவதால் அதைவிட அதிகம். புதிய பலகையைக் கையில் எடுத்ததும் நான் செய்வது அளவுத்திருத்தம்தான், அல்காரிதத்தைத் தேடுவது பிறகு.

அதற்கு வேண்டியது மூன்று முகம் கொண்ட ஓர் உலோக மூலை. விளிம்பு 10 சென்டிமீட்டர் இருந்தால் போதும், 77 கிகாஹெர்ட்ஸில் அது ஏறத்தாழ 28 சதுர மீட்டருக்குச் சமமான எதிரொலிப் பரப்பைக் காட்டும். கைக்குள் அடங்கும் தகடு ஒரு காரைவிடப் பெரிதாகத் தெரியும். எதிரொலி அடக்கிய அறை இல்லாதவர்கள் கார் இல்லாத நேரத்தில் வாகன நிறுத்தத்தின் மொட்டை மாடிக்குப் போகலாம். மூலையை முக்காலியில் நேர் எதிரே நிறுத்தி எட்டு கட்டங்களையும் வரைந்தால் அவை ஒரு கிடைக்கோட்டில் அமர வேண்டும். அமராது. நான் பயன்படுத்திய ஒரு பலகையில் மூன்றாவது புள்ளியும் ஏழாவது புள்ளியும் எப்போதும் ஒரே அளவு தாழ்ந்திருந்தன. 3, 7 இரண்டும் ஒரே ஏற்பியிலிருந்து வருபவை. ஆகவே குற்றவாளி அனுப்பியன்று, மூன்றாவது ஏற்பியின் தடம். முதல் நான்கும் பின் நான்கும் ஒட்டுமொத்தமாகத் தள்ளி நின்றால், அதுவும் நிற்கும் பொருளுக்கே அப்படி நின்றால், அனுப்பியின் தடம். புள்ளிகளை எண்ணாகப் படிக்காமல் படமாக வரைந்து பார்க்கச் சொல்வது இதற்காகத்தான். எட்டு ஏற்பியும் தனித்தனியாக இருந்திருந்தால் இந்தக் குறிப்பு கிடைத்திருக்காது.

பம்பருக்குப் பின்னால் வைத்தால் கதை மறுபடி தொடங்கும். நெகிழியின் தடிமன், அதற்குள் ஓடும் அலையின் அரை நீளத்தின் முழு மடங்காக இருந்தால் எதிரொலிப்பு அடங்கும். இல்லையென்றால் அலையில் ஒரு பகுதி பம்பருக்கும் பலகைக்கும் இடையே எம்பிக்கொண்டிருக்கும். அந்தத் தடிமனைச் சாய்வாகக் கடக்கும் அலைக்கும் நேராகக் கடக்கும் அலைக்கும் கட்டம் வேறு என்பதால், பிழை கோணத்துக்குக் கோணம் மாறுகிறது. ஒரு திசையில் எடுத்த திருத்தம் எல்லாத் திசைக்கும் போதாது. உலோகத் துகள் கலந்த வண்ணம் பூசிய பம்பரும் மழையில் நனைந்த பம்பரும் என்ன செய்யும் என்பதை அளந்தவர்கள் எழுதலாம்.

12 பிப்ரவரி, காலை 7.50

சற்றே விலகல், ஆனால் விஷயத்துக்குள்தான். திருப்பதிக்கு அருகே காதங்கியில் உள்ள வளிமண்டல ரேடார் 53 மெகாஹெர்ட்ஸில் இயங்குகிறது. 32-க்கு 32 என்று 1024 யாகி ஆன்டெனாக்கள், ஏறத்தாழ 130 மீட்டர் சதுரத்தில், நான்கு ஏக்கர் நிலத்தில் நடப்பட்டிருக்கின்றன. கற்றையின் அகலம் சுமார் 3 டிகிரி. அலைநீளம் 5.66 மீட்டர் என்பதால் 130 மீட்டர் என்பது 23 அலைநீளம். 77 கிகாஹெர்ட்ஸில் 23 அலைநீளம் 9 சென்டிமீட்டர். கோணத்தைத் தீர்மானிப்பது மீட்டரன்று, அலைநீளத்தில் எண்ணிய நீளம். ஆனால் அங்கே ஓர் ஆன்டெனா ஒரு சென்டிமீட்டர் தள்ளி நின்றால் ஒரு டிகிரிக்கும் குறைவான கட்டப் பிழை. இங்கே தலைமுடி அளவு பிசகினால் அதைப்போலப் பல மடங்கு. சிறிதாக்கியதற்கு அதுவும் ஒரு விலை.

14 பிப்ரவரி, இரவு 10.10

அப்படியானால் ஆன்டெனாவைக் கூட்டிக்கொண்டே போகலாமே என்று கேட்டவருக்கு. போகிறார்கள். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் நான்கு சில்லுகளைக் கோத்த பலகையில் 12 அனுப்பி, 16 ஏற்பி, பெருக்கினால் 192 பாதைகள். அவற்றில் கிடை அச்சில் ஒன்றன்மேல் ஒன்று விழாத இடங்கள் 86, பிரிதிறன் 1.4 டிகிரி, 50 மீட்டரில் 1.2 மீட்டர். எட்டு இடத்துப் பலகைக்கு அதே தூரத்தில் பன்னிரண்டரை மீட்டர், மூன்று தடங்களுக்கு மேல்.

இங்கே மூன்று சிக்கல்கள் புதிதாக வருகின்றன. நான்கு சில்லுகளும் ஒரே கட்டத்தில் ஓட வேண்டும். அதற்காக 20 கிகாஹெர்ட்ஸ் சைகை ஒன்றைப் பகிர்ந்து, ஒவ்வொரு சில்லும் தனக்குள் நான்கால் பெருக்கிக்கொள்கிறது. பகிரும் தடத்தில் ஒரு டிகிரி பிசகினால் வெளியே நான்கு டிகிரி. இரண்டாவது, 12 அனுப்பிகளை மாறி மாறிப் பேசவிட்டால் வேக எல்லை நான் முன்பு சொன்ன கணக்கில் பன்னிரண்டில் ஒன்றாகிவிடும். 30 மைக்ரோவினாடிக்கு மணிக்குப் பத்து கிலோமீட்டர்கூட இல்லை. சைக்கிள் ஓட்டி மடிந்துவிடுவார். மூன்றாவது, அளவுத்திருத்தத்துக்கான தூரம். எட்டு இடத்து வரிசைக்குப் பத்து சென்டிமீட்டரிலேயே வளைந்து பரவும் அலை தட்டையாகிவிடுகிறது. 16 சென்டிமீட்டருக்கு மேல் நீண்ட மெய்நிகர் வரிசைக்கு அதே வாய்பாடு 14 மீட்டர் என்கிறது. அது மேல்வரம்பு, அனுப்பும் நீளமும் ஏற்கும் நீளமும் தனித்தனியாக வளைவதால் உண்மையில் அவ்வளவு வேண்டியதில்லை. ஆனாலும் மேசை மேல் வைத்துத் திருத்தும் காலம் முடிந்தது.

இடங்களை நெருக்கமாக அடுக்காமல் விட்டுவிட்டு அடுக்குவது இன்னொரு வழி. மாஃபெட் 1968-இலேயே வானொலி வானியலுக்காக இதைக் கணக்கிட்டார். 2010-இல் பால், வைத்தியநாதன் இருவரின் உள்ளமை வரிசைகள் வந்தபின் மறுபடி சூடு பிடித்தது. இடைவெளி அரை அலைநீளத்தைத் தாண்டும் இடங்களை மற்ற இடங்கள் ஈடுகட்ட வேண்டும். ஈடுகட்டாமல் இரண்டு அலைநீள இடைவெளி மட்டும் இருந்தால், நேர் எதிரில் நிற்கும் ஆள் 30 டிகிரியில் இடமும் வலமும் நிற்பதாகவும் வரும். பல இலக்குகளுக்கு இந்த வரிசைகளை எழுதும்போது வரும் நெடுவரிசைவாரிப் பெருக்கலுக்குக் கத்ரி–ராவ் பெருக்கல் என்று பெயர், 1968. அதே ராவ்தான். கிராமரோடு பெயர் சேர எல்லையைப் போட்டவர் கத்ரியோடு அதைத் தள்ளிவைக்கும் கருவியையும் கொடுத்துவிட்டார்.

15 பிப்ரவரி, மதியம் 12.40

ஓடும் காரில் கூடுதல் ஆன்டெனா இல்லாமலே கோணம் கிடைக்கும் ஒரு வழியைச் சொல்லாமல் விட்டேன் என்று ஒருவர் சுட்டியிருக்கிறார். நியாயம். நம் வண்டி நகரும்போது, நிற்கும் பொருளின் டாப்ளர் வேகம் நம் வேகத்தைக் கோணத்தின் கொசைனால் பெருக்கியது. நொடிக்கு 20 மீட்டரில் போகும்போது 30 டிகிரியில் உள்ள கம்பமும் 31 டிகிரியில் உள்ள கம்பமும் வேகத்தில் 0.18 மீட்டர் வேறுபடும். 20 மில்லிவினாடி அளந்தால் வேகப் பிரிதிறன் ஏறத்தாழ 0.1 மீட்டர். ஆகவே ஒரு டிகிரி இடைவெளியில் உள்ள இரு கம்பங்களும் டாப்ளரிலேயே பிரிந்துவிடும். எட்டு ஆன்டெனா தர முடியாததை வண்டியின் ஓட்டம் தருகிறது.

ஆனால் இதே கணக்கை நேர் எதிரே போட்டுப் பாருங்கள். சுழி டிகிரிக்கும் 3 டிகிரிக்கும் வேகத்தில் வேறுபாடு 0.03 மீட்டர்கூட இல்லை, பிரியாது. பக்கவாட்டில் கூர்மையாகவும், மோதப் போகிற திசையில் மங்கலாகவும் உள்ள முறை இது. மூலைகளில் பொருத்தும் ரேடாருக்கு நல்லது, முன்னால் பொருத்துவதற்குப் போதாது.

17 பிப்ரவரி, இரவு 9.30

கடைசியாக வந்த கேள்வி: கிடைக்கோணத்தைப் பற்றியே எழுதுகிறீர்களே, உயரம்?

உயரத்தில்தான் நிலைமை மிக மோசம். சாலைக்கு மேல் 5.5 மீட்டரில் ஒரு மேம்பாலம். சாலையில் அரை மீட்டர் உயரத்தில் ரேடார். தூரம் 100 மீட்டர். பாலம் தெரியும் கோணம் 2.9 டிகிரி. அதற்கடியில் நின்றுபோன லாரி சுழி டிகிரிக்கு அருகில். இரண்டும் நிற்பவை, ஆகவே டாப்ளரில் ஒன்று. தூரத்திலும் ஏறத்தாழ ஒன்று. நெடுக்காக இரண்டே இடங்கள் உள்ள பலகைக்கு உயரப் பிரிதிறன் 57 டிகிரி. பாலத்தையும் லாரியையும் பிரிக்கும் வழி அதற்குக் கிடையாது. துல்லியத்தைக் கொண்டு ஒப்பேற்றலாம் என்றால், தரையில் பட்டு எகிறி வரும் இன்னொரு நகல், முழுதும் கட்டுண்ட நகல், வந்து கலந்து உயரத்தைக் குழப்புகிறது. கார்களில் வந்த முந்தைய ரேடார்கள் நிற்கும் பொருள்களைப் பெரும்பாலும் புறக்கணித்ததற்கு இந்த ஒரு படமே போதிய காரணம். ஒவ்வொரு பாலத்தின் அடியிலும் பிரேக் போடும் வண்டியை யாரும் ஓட்ட மாட்டார்கள்.

இப்போது வரும் பலகைகளில் நெடுக்காகவும் அனுப்பிகளைத் தள்ளி வைக்கிறார்கள். கிடையில் கிடைக்க வேண்டிய சில இடங்களை விட்டுக்கொடுத்து உயரத்துக்குச் சில இடங்களை வாங்குகிறார்கள். எத்தனையை விட்டுக்கொடுப்பது என்பதில் நான் பார்த்த ஒவ்வொரு வடிவமைப்பும் வேறு முடிவெடுத்திருக்கிறது. என்னைக் கேட்டால், வண்டி நெருங்க நெருங்கப் பாலத்தின் கோணம் ஏறும், லாரியின் கோணம் ஏறாது என்பதைப் அடுத்தடுத்த பல அளவீடுகள் நெடுகத் தொடர்ந்து பார்ப்பது, நெடுக்காக ஓர் ஆன்டெனா கூடுதலாக வைப்பதைவிட மலிவானது. 100 மீட்டரில் 2.9 ஆக இருந்தது 50 மீட்டரில் 5.7 ஆகியிருக்கும். 50 மீட்டரில் பிரேக் பிடிக்க நேரமிருக்கும் வேகத்துக்கு மட்டுமே இந்த யோசனை பொருந்தும்.